வயலும் விஞ்ஞானமும்: வாசகர் கேள்வி பதில்

சி.ஆர்.1009 சப்1 நெல் வெள்ளம் தாங்கும் என்கிறார்கள். அந்த 'சப்1' வேறு பயிரிலிருந்து புகுத்திய மரபணுவா? (வாசகர், மன்னார்குடி)

இல்லை, நெல்லுடையதுதான். நெல்லின் 9ஆம் குரோமோசோமில் சப்1பி, சப்1சி என்று இரண்டு மரபணுக்கள் எல்லா ரகத்திலும் அடுத்தடுத்து இருக்கின்றன. இந்தியா போன்ற வெப்ப நாடுகளில் விளையும் இண்டிகா வகை நெல்லில், சில ரகங்களில் மட்டும் பக்கத்தில் மூன்றாவதாக சப்1ஏ உண்டு. 1பி இரட்டித்ததில் பிறந்த நகல் அது. ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ ரகத்திலிருந்து வந்த இதை 2006இல் அடையாளம் கண்டார்கள். பிறகு வழக்கமான இனக்கலப்பின் மூலமே பிற ரகங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

நகல் இருந்தால் மட்டும் போதாது. சப்1ஏ-விலேயே இரண்டு வடிவங்கள் உண்டு. தாங்கும் வடிவத்தில் 186ஆம் இடத்து அமினோ அமிலம் செரின், தாங்காததில் புரோலின். இதைவிட, நீரில் மூழ்கும்போது மரபணு எவ்வளவு வலுவாக இயங்குகிறது என்பதுதான் முக்கியம் என்பது என் கருத்து. மூழ்கிய செடிக்குள் எத்திலீன் வாயு தேங்கும். அது சப்1ஏ-வைத் தூண்டும். சப்1ஏ, செடியை நீளவைக்கும் வளர்ச்சி ஹார்மோனான கிப்பரெல்லினின் வேலையை அடக்கும். செடி நீளாமல், மாவுச்சத்தைச் செலவழிக்காமல் சுமார் 2 வாரம் ஒடுங்கிக் கிடக்கும். நீர் வடிந்ததும் அவசரப்பட்டு யூரியா போடாதீர்கள். புது இலை விட்ட பிறகு போடலாம்.

புழுதி விதைப்பு செய்த வயலில் முளைக்கும்போதே தண்ணீர் நின்றால் இந்த ரகம் பிழைக்குமா? (வாசகர், சீர்காழி)

பிழைக்காது. நீருக்கடியில் முளைப்பது வேறு மரபணுக்களின் வேலை. ஓரடி, ஒன்றரை அடி நீர் வாரக்கணக்கில் தேங்கும் தாழ்ந்த வயலுக்கும் சப்1 ஏற்றதல்ல. அங்கே செடி நீண்டுதான் ஆகவேண்டும்.

இரட்டித்த மரபணுவில் ஒன்று மிகை. அது ஏன் அழியாமல் நிற்கிறது? (வேளாண் மாணவி, பாபநாசம்)

பெரும்பாலும் அழிந்துதான் போகிறது. மற்ற நகல் வேலையைப் பார்த்துக்கொள்வதால், ஒரு நகலில் பிறழ்வுகள் (மரபணு எழுத்து மாற்றங்கள்) தடையின்றிச் சேர்ந்து, சில மில்லியன் ஆண்டுகளில் செத்த மரபணுவாகிவிடும். தப்பியவை புது வேலை கற்றவை என்றார் மரபியல் அறிஞர் சுசுமு ஓனோ, 1970இல். ஆனால் புது வேலை தரும் பிறழ்வு அபூர்வம். தப்பிய நகல்களோ ஏராளம். இந்த முரணுக்கு 1999இல் ஃபோர்ஸ், லிஞ்ச் ஆகியோரின் ஆய்வுக் குழு விடை தந்தது: கெடுக்கும் பிறழ்வே நகலைக் காப்பாற்றும்.

ஒரு மரபணுவின் முன்பகுதியில் வேரில் இயக்க ஒரு சுவிட்ச், இலையில் இயக்க ஒரு சுவிட்ச் இருக்கட்டும். இரட்டித்த பின் முதல் நகலில் வேர் சுவிட்சும் இரண்டாவதில் இலை சுவிட்சும் பழுதானால், எதையும் இழக்க முடியாது. வரிக்குதிரை மீனில் இது கண்கூடு. எலியின் ஒரே என்கிரெயில்டு-1 மரபணு இரண்டு இடங்களில் செய்யும் வேலையை, மீனில் ஒரு நகல் துடுப்பு மொட்டிலும் மற்றொன்று பின்மூளை, தண்டுவட நரம்புகளிலும் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன.

நகல் பிறந்த விதத்தையும் பாருங்கள். அடுத்தடுத்து இரட்டித்ததில் தொலைவிலுள்ள சுவிட்ச் அறுபட்டு நின்றுவிடலாம். ஆர்.என்.ஏ. வழியாக டி.என்.ஏ.வில் திரும்பிச் செருகிய நகலுக்கு இன்ட்ரானும் (ஆர்.என்.ஏ.வில் வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டு) இருக்காது, பழைய புரொமோட்டரும் (மரபணுவை இயக்கும் முன்பகுதி) இருக்காது. போய் விழுந்த இடத்தில் ஏதாவது கிடைத்தால்தான் வாழ்வு.

இரண்டு நகல்களும் பி.சி.ஆரில் (டி.என்.ஏ.வைப் பெருக்கும் சோதனை) சேர்ந்தே பெருகுகின்றன. எப்படிப் பிரிப்பது? (ஆய்வு மாணவர், கும்பகோணம்)

பிரைமரை (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) புரதம் குறிக்கும் பகுதியில் வைக்காதீர்கள்; அதுதான் அதிகம் ஒத்திருக்கும். அதைத் தாண்டிய வால்பகுதியில் வையுங்கள். பிரைமரின் 3' முனையின் கடைசி 2 எழுத்துகளாவது நகலுக்கு நகல் வேறுபடவேண்டும். துண்டு 80 முதல் 150 எழுத்து நீளம் இருக்கட்டும். துண்டு எந்த வெப்பத்தில் பிரிகிறது என்று காட்டும் உருகு வளைகோட்டில் ஒரே முகடு வந்தால் ஏமாறவேண்டாம். ஒரே நீளமுள்ள இரண்டு நகல்கள் ஒரே முகடாகத் தெரியலாம். விளைந்த துண்டை ஒருமுறை வரிசை படித்துப் பாருங்கள். சப்1ஏ என்றால் நிப்பான்பாரே என்ற ஜப்பானிய நெல் ரகத்தையும் சேர்த்து ஓட்டுங்கள். அதில் அந்த மரபணுவே இல்லை, எனவே சிக்னல் வந்தால் உங்கள் பிரைமர் 1பி-யையோ 1சி-யையோ பிடிக்கிறது.

புரொமோட்டரை ஒப்பிடும்போது குறுந்துண்டுகளாகப் படித்த வரிசைகளை நம்பாதீர்கள். இரண்டு நகல்களின் துண்டுகளும் ஓரிடத்தில் குவிந்து ஒரே மரபணுபோலக் காட்டும். அந்த இடத்தில் வாசிப்பு ஆழம் (ஓரிடம் எத்தனை முறை படிக்கப்பட்டது என்ற எண்ணிக்கை) மற்ற இடங்களைப் போல இரு மடங்காக இருந்தால், நீள வாசிப்பு வரிசைக்குப் போய்விடுங்கள்.