சொல்லாமல் தெரிந்தவை: நூலகப் பணியாளர்களுக்கான கேள்வி பதில்

எங்கள் மூத்த நூலகர் விரைவில் ஓய்வு பெறுகிறார். தெரிந்ததையெல்லாம் எழுதித் தரும்படி கேட்டோம். இரண்டு பக்கம்தான் வந்தது. இனி என்ன செய்வது?

அவர் எதையும் ஒளிக்கவில்லை என்று முதலில் நம்புங்கள். மனிதரால் சொல்ல முடிவதைவிட அவர் அறிந்திருப்பது அதிகம் என்று தத்துவ அறிஞர் மைக்கேல் பொலானி 1966இல் எழுதினார். பல ஆண்டுகள் செய்து பழகிய வேலை, அறிவு என்றே அவருக்குத் தோன்றாது. அதனால் "உங்களுக்கு என்னவெல்லாம் தெரியும்?" என்று கேட்டுப் பயனில்லை. நடந்ததைக் கேளுங்கள். "நேற்று அந்த ஆய்வு மாணவர் வந்தபோது கணினியில் தேடாமல் நேராகப் பழைய அறிக்கைகள் இருக்கும் அலமாரிக்குப் போனீர்களே, ஏன்?" என்று கேட்டால் உடனே பதில் வரும்: பல அறிக்கைகளைச் சேர்த்து ஒரே தொகுதியாகக் கட்டியபோது முதல் தலைப்பு மட்டுமே பட்டியலில் ஏறியது, மற்றவற்றைத் தேடினால் கிடைக்காது. இப்படி ஒன்று எந்தக் கையேட்டிலும் இருக்காது.

எழுதும் வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள். அவர் பேசட்டும், இளையவர் எழுதட்டும், பிறகு அவர் திருத்தட்டும். கடைசி சில வாரங்கள் இருக்கையை மாற்றிக்கொள்ளுங்கள்: இளையவர் மேசையைக் கவனிக்க, மூத்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் பொறுக்க முடியாமல் எங்கே குறுக்கிடுகிறாரோ, அங்கேதான் எழுதப்படாத விஷயம் இருக்கிறது. அதை அன்றே குறித்து வையுங்கள்.

வாசகர் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டியது வேறு. இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நூலக அறிவியலாளர் ராபர்ட் டெய்லர் 1968இல் இதை விளக்கினார். மனத்தில் உருவற்றுக் கிடக்கும் தேவை, நூலகத்தில் என்ன கிடைக்கும் என்ற ஊகத்துக்கு ஏற்பச் சுருங்கித்தான் கேள்வியாக வெளிவருகிறது. "சட்டப் புத்தகம் எங்கே?" என்பவருக்கு வாடகை ஒப்பந்தம் பற்றிய ஒரே ஒரு விவரம் தேவைப்படலாம். அனுபவசாலி "எதற்காகத் தேடுகிறீர்கள்?" என்று நேராகக் கேட்பதில்லை, அது விசாரணைபோல ஒலிக்கும். "இதில் குறிப்பாக எந்தப் பகுதி உதவும்?" என்பார். இந்தத் தொனியைப் படித்துக் கற்க முடியாது, பக்கத்தில் அமர்ந்து கேட்க வேண்டும்.

பட்டியலாக்கத்துக்கு விதிகள் எழுதப்பட்டிருக்கின்றனவே, அங்கும் இந்தச் சிக்கல் உண்டா?

நிறைய உண்டு. ஒரு பொருள் இன்னொன்றைப் பாதித்தால், பாதிக்கப்படுவதன் கீழ் வகைப்படுத்த வேண்டும் என்று, நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் தரும் டூயி முறை தெளிவாகச் சொல்கிறது. ஆனால் எந்தப் பொருள் முதன்மையானது என்பதிலேயே இருவர் வேறுபடுவார்கள். அப்போது எண்ணைவிட அதைத் தேர்ந்த காரணம்தான் பின்னால் வருபவருக்குத் தேவை. கோஹா என்ற நூலக மென்பொருளைப் பயன்படுத்தினால், வாசகர் பார்வைக்கு வராத குறிப்புக்கு ஒவ்வொரு பிரதியின் பதிவிலும் இடம் இருக்கிறது. அங்கே ஒரு வரி எழுதுங்கள்.

சிலர் சொல்லித்தரவே விரும்புவதில்லை. தங்கள் மதிப்புக் குறையும் என்று பயப்படுகிறார்கள்.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. உழைத்துச் சேர்த்ததைப் பெயரில்லாமல் எடுத்துக்கொண்டால் யாருக்கும் வலிக்கும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுபார்ப்பவர்களுக்காக 1990களில் உருவான யுரேகா என்ற குறிப்புத் தொகுப்பில், ஒவ்வொரு குறிப்போடும் எழுதியவர் பெயர் இருந்தது. நூலகத்திலும் அப்படியே செய்யலாம். சொல்லித்தருவதற்குப் பணிநேரத்திலேயே இடம் ஒதுக்குவது நிர்வாகத்தின் கடமை. வேலை முடிந்த பிறகு சொல்லிக்கொடு என்பது அநியாயம்.

வாட்ஸ்அப் குழு போதாதா?

உடனடி உதவிக்குப் போதும். அடுத்த மாதம் தேடினால் கிடைக்காது. பயனுள்ள பதில்களை வாரம் ஒருமுறை பொதுக் கோப்புக்கு மாற்ற ஒருவரை நியமியுங்கள்.

பகிரவே கூடாதவை உண்டா?

உண்டு. எந்த வாசகர் எதைப் படிக்கிறார், யார் எதற்காக உதவி கேட்டார் என்பவை மூத்தவர் நினைவில் இருக்கலாம், கோப்பில் ஏறக் கூடாது. "பார்வைக் குறைபாடு உள்ளவர் வந்தால் இந்தப் பெரிய எழுத்து அலமாரியைக் காட்டவும்" என்று எழுதலாம். அவர் பெயரையோ அவர் எடுத்த நூலையோ எழுதக் கூடாது.