முந்திரிகை மலைகளின் நடுவே ஒரு சிற்றூர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மகள் சுவிற்சர்லாந்தில் குடும்பத்துடன் வாழ்கிறாள். வருகிற ஆண்டு நானும் கணவரும் 74 வயதான என் மாமியாரும் அவளிடம் செல்லவிருக்கிறோம். அங்கிருந்து எங்களைப் போர்த்துக்கல்லின் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள பின்யாவோ என்ற சிற்றூருக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று மருமகன் விரும்புகிறார். அது வைன் தயாரிக்கும் பகுதி என்று அறிந்ததும் எனக்குத் தயக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டில் எவரும் மது அருந்துவதில்லை. மாமி மரக்கறி மட்டுமே உண்பவர். இப்படிப்பட்ட எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது? போர்ட்டோ நகரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பினால் போதாதா?
— வாசகி ஒருவர், கல்லடி

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் ஒரே நாளில் திரும்பிவிடாதீர்கள். இரண்டு இரவுகளாவது அந்த ஊரிலேயே தங்குங்கள். போர்ட்டோவிலிருந்து ஒரு நாள் சுற்றுலாவாகப் போகிறவர்களுக்குப் பொழுதின் பெரும்பகுதி ஆசனத்திலேயே கழிந்துவிடுகிறது. ஊருக்குள் இறங்கி நடக்கக் கிடைப்பது சொற்ப நேரம்தான். வெளியூர்க் கூட்டம் மாலையில் கலைந்த பின்னரும், மறுநாள் அது வந்து சேர்வதற்கு முன்னரும்தான் பின்யாவோ தன் இயல்பான முகத்தோடு இருக்கும்.

மதுவைப் பற்றிய உங்கள் தயக்கம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் நீங்கள் போவது ஒரு விவசாய நாட்டுக்கு. டோரோவின் இரு கரைகளிலும் செங்குத்தாக எழும் மலைகள் மண் மலைகளாக இருக்கவில்லை; அவை தகடு தகடாக உடைகிற ஒருவகைப் பாறையாலானவை. அந்தப் பாறையைக் கையால் உடைத்து, உடைத்த கல்லைச் சாந்து பூசாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பி, சுவருக்குப் பின்னால் பொடிக்கல்லை நிரப்பி, அதையே மண்ணாக்கி முந்திரிகைக் கொடி நட்டிருக்கிறார்கள். மலையடியிலிருந்து உச்சிவரை படிப்படியாக ஏறும் அந்தச் சுவர்களைக் கட்டியவர்களில் பெருந்தொகையானோர் அயலிலுள்ள ஸ்பெயினின் கலீசியப் பகுதியிலிருந்து கூலிக்கு வந்த ஏழைகள். 2001 ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இந்தப் பள்ளத்தாக்கை உலக மரபுரிமையாக அறிவித்தபோது, மனித உழைப்பு உருவாக்கிய நிலக்காட்சி என்பதையே முதன்மையாகக் கருதியது. நம் பக்கத்து வட்டைகளில் போடியாரின் பெயர் நிலைத்து, வயற்காரரின் பெயர் மறைந்துபோனதைப் போலவே, அங்கும் தோட்டங்களின் வாயிலில் உரிமையாளரின் பெயர் இருக்கிறது. சுவரைக் கட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் சுவர் இருக்கிறது. அதைப் பார்க்கவே போகலாம் என்பது என் துணிவு.

போகும் வழியைப் பற்றிச் சொல்கிறேன். போர்ட்டோவின் சாவோ பெந்தோ நிலையத்திலிருந்தோ கம்பன்யா நிலையத்திலிருந்தோ பின்யாவோவுக்குப் புகையிரதம் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம். ஏறியதும் வலப்பக்கத்து யன்னலோரம் அமருங்கள். பாதி வழியில் பாதை ஆற்றை அடைந்துவிடும்; அதன் பின்னர் தண்ணீர் பெரும்பாலும் யன்னலுக்கு நேர் கீழேயே கூட வரும். 65 வயதைக் கடந்தவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்பதால், மாமியாரின் கடவுச்சீட்டைப் பயணச்சீட்டு வாங்கும்போது கையில் வைத்திருங்கள். நாளொன்றுக்குச் சில வண்டிகளே ஓடுவதால், திரும்பி வரும் நேரத்தையும் முன்னதாகவே குறித்துக்கொள்ள வேண்டும்.

வண்டியிலிருந்து இறங்கிய இடத்திலேயே சற்று நில்லுங்கள். பின்யாவோ நிலையத்தின் சுவர்களில் நீலமும் வெள்ளையுமான ஓடுகளால் அமைந்த 24 சித்திரங்கள் இருக்கின்றன. 1937 இல் பதிக்கப்பட்டவை. குனிந்து குலை அறுக்கும் பெண்கள், நிரம்பிய கூடையை முதுகிலே தாங்கி வரிசையாக இறங்கும் ஆண்கள், மாட்டு வண்டி, வைன் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கும் தட்டையான அடியுள்ள ரபெலோ படகு என்று, ஒரு முழு அறுவடையும் அந்தச் சுவரிலே இருக்கிறது. அருகிலே போய்ப் பார்த்தால் ஒரு முகம் நான்கு ஓடுகளில் பிரிந்து கிடக்கும். நாலடி பின்வாங்கினால் ஒன்றுசேரும். படிக்கட்டு ஏற முடியாத மாமிக்கும் இது எட்டும். ஏனென்றால் நிலையமும் ஆற்றங்கரையும் சமதரையில் இருக்கின்றன. ஆற்றங்கரையிலிருந்து ஒரு மணி நேரப் படகுச் சவாரியும் கிடைக்கும். அதிலே அவரை அமர்த்திவிட்டால், ஏறாமலே மலைகளை எல்லாம் பார்த்துவிடுவார். ஊருக்கு மேலே கசால் டி லொய்வோஸ் என்ற கிராமத்தில் ஒரு காட்சித் திடல் உண்டு. ஆறு வளைந்து திரும்புவது முழுவதும் அங்கிருந்து தெரியும். ஏற்றம் கடுமையானது என்பதால் டாக்சியிலேயே போங்கள்.

இரண்டாம் நாளைப் பின்யாவோவிலேயே செலவழிக்க வேண்டியதில்லை. மலைக்கு மேலே, மேட்டுநிலத்தில், ஃபவாயோஸ் என்ற இன்னும் சிறிய ஊர் இருக்கிறது. இனிப்பான மொஸ்கத்தேல் வைனுக்குப் பெயர்பெற்ற அந்த ஊர், நான்கு மூலை நீட்டிய கோதுமைப் பாணுக்கும் அதே அளவுக்குப் பெயர்பெற்றது. பாணுக்கும் வைனுக்கும் சேர்த்து ஓர் அருங்காட்சியகமே அங்கு அமைத்திருக்கிறார்கள். விறகு அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு அந்தப் பாணின் ஒரு மூலையைப் பிய்த்து உண்பதற்கு வைன் தேவையே இல்லை. என் மனத்துக்குப் பின்யாவோவைவிட இந்த ஊரே நெருக்கமானது. சுற்றுலாவுக்காக வாழாமல் தனக்காக வாழ்கிற ஊர் அது.

உணவு விடயத்தில் கவனமாக இருக்க வேண்டும். கீரை சேர்த்த 'கால்டோ வெர்டே' என்ற சூப்பைப் பார்த்தால் மரக்கறி உணவு போலவே இருக்கும். ஆனால் அதிலே பன்றி இறைச்சியாலான சோரிசோத் துண்டுகளைப் போடுவது வழக்கம். அவரைச் சோற்றிலும் இறைச்சி ஒளிந்திருக்கலாம். தக்காளிச் சோறு, அவித்த உருளைக்கிழங்கு, சலாது, ஒலிவ் காய், பாற்கட்டி ஆகியவற்றைக் கேட்டு வாங்கலாம். குசினியுடன் கூடிய வீடொன்றை வாடகைக்கு எடுத்தால் மாமியின் பாடு எல்லாவற்றிலும் இலகுவாகிவிடும். ஐரோப்பாவில் அதிகமாகச் சோறு உண்பவர்கள் போர்த்துக்கேயர் என்பதால் அரிசிக்குத் தட்டுப்பாடு இராது. உணவகத்தில் அமர்ந்தவுடன் கேளாமலே பாணும் ஒலிவ் காயும் கொண்டுவந்து வைப்பார்கள். அவை இலவசமல்ல, தொட்டால் பற்றுச்சீட்டில் சேரும், வேண்டாமென்றால் திருப்பியனுப்புவதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

ஜூலை, ஓகஸ்ட் மாதங்களைத் தவிருங்கள். அந்தப் பாறை வெயிலைக் குடித்து இரவிலே திருப்பித் தரும். 40 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு, மட்டக்களப்பின் கடற்காற்று அங்கில்லை. மே மாதமும், செப்டெம்பர் பிற்பகுதி தொடக்கம் ஒக்டோபர் முற்பகுதி வரையான காலமும் நல்லவை. பின்னையது அறுவடைக் காலம். அப்போது போவதானால் தங்குமிடத்தை மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

விசாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் சொல்லிவிடுகிறேன். சுவிற்சர்லாந்தும் போர்த்துக்கல்லும் செங்கன் உடன்படிக்கைக்குள் இருப்பதால், மகளிடம் செல்வதற்குப் பெறும் செங்கன் விசாவே போதும். விண்ணப்பத்தில் போர்த்துக்கல் பயணத்தையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

கேள்வி: மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டிய போர்த்துக்கேயருக்கும் இந்த டோரோ வைனுக்கும் தொடர்பு உண்டா? நம் ஊர்ப் பறங்கியர் பேசும் போர்த்துக்கேயத்தை அந்த ஊர் மக்கள் விளங்கிக்கொள்வார்களா?
— பல்கலைக்கழக மாணவர், வந்தாறுமூலை

பதில்: முதற் கேள்விக்கு ஆண்டுகளே பதில் சொல்லும். புளியந்தீவிலே போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628 இல். ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றியது 1638 இல். டோரோப் பள்ளத்தாக்கு வைன் விளையும் பகுதியாக எல்லை குறிக்கப்பட்டது 1756 இல், அதாவது 118 ஆண்டுகள் கழித்து. டோரோவில் அதற்கு வெகுகாலம் முன்பே முந்திரிகை விளைந்ததாயினும், இன்று 'போர்ட்' என்று உலகம் அறியும் வைனை நம் கோட்டையின் காவலர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்த வைனை வளர்த்தது இங்கிலாந்தின் சந்தை. பிரான்சோடு பகைமை மூண்ட காலங்களில் ஆங்கிலேயர் போர்த்துக்கல்லின் பக்கம் திரும்பினர். 1703 இல் செய்துகொண்ட மெத்துவன் உடன்படிக்கை போர்த்துக்கேய வைனுக்கு வரிச்சலுகை கொடுத்தது. தேவை பெருகவே கலப்படமும் பெருகியது. எல்டர்பெரிப் பழச்சாற்றைக் கலந்து நிறமேற்றினார்கள். பெயர் கெட்டது, விலை விழுந்தது. 1755 பூகம்பத்தில் அழிந்த லிஸ்பனை மீளக் கட்டிய, மன்னரின் முதன்மை அமைச்சரான அதே பொம்பால் பிரபுதான் இங்கும் தலையிட்டார். ஒரு வணிகக் கம்பனியை நிறுவி, எங்கே விளைந்ததை மட்டும் ஏற்றுமதி செய்யலாம் என்று எல்லை வகுத்து, எல்டர்பெரிச் செடிகளைப் பிடுங்க உத்தரவிட்டார். எல்லையில் நட்ட 300க்கும் மேற்பட்ட கருங்கற்றூண்களில் எஞ்சியவை இன்றும் தோட்டங்களுக்குள் நிற்கின்றன. ஏற்றுமதிக்கு உரிய வைனைக் குறிக்கும் 'ஃபெய்த்தோரியா' என்ற சொல்லும் ஆண்டும் அவற்றிலே செதுக்கப்பட்டிருக்கும். இந்தக் கதையில் மறக்கக்கூடாத ஒரு பக்கம் உண்டு. கம்பனியின் ஏகபோகத்தை எதிர்த்து 1757 இல் போர்ட்டோவின் தவறணைக்காரரும் ஏழைகளும் கிளர்ந்தெழுந்தபோது, பொம்பால் அவர்களில் பலரைத் தூக்கிலிட்டார். தரத்தைக் காத்த சட்டம் என்று மட்டும் இதைப் படித்துவிட்டுப் போவது நேர்மையாகாது.

வைன் ஆகும் விதத்தையும் மாணவர் என்ற முறையில் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அறுத்த பழத்தைக் கருங்கல் தொட்டியிலே கொட்டி, கால்களால் மிதிக்கும் வழக்கம் சில தோட்டங்களில் இன்றும் இருக்கிறது. முதலில் தோளோடு தோள் கோத்து வரிசையாக நின்று, ஒருவர் தாளம் சொல்ல, இடது வலது என்று மெதுவாக மிதிப்பார்கள். தோல் நன்றாக உடைந்த பிறகுதான் வரிசை கலைந்து ஆட்டமும் பாட்டும் தொடங்கும். நொதித்தல் முடிவதற்குள்ளேயே வடித்த சாராயத்தைச் சேர்த்து அதை நிறுத்திவிடுவதால் பழத்தின் சர்க்கரை மிஞ்சி வைன் இனிக்கிறது; மதுவீதமும் 20 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலொக்சரா என்ற பூச்சி கொடிகளின் வேரை அழித்தது. குடும்பங்கள் கைவிட்டுப் போன படிவரிசைகளுள் பல மீண்டும் நடப்படவே இல்லை. மலைச்சரிவுகளில் புதர் மண்டிய வரிசைகளைப் பார்க்க நேர்ந்தால், அது நூறாண்டுக்கு மேற்பட்ட துயரம் என்று அறிந்துகொள்ளுங்கள்.

மொழியைப் பொறுத்தவரை, மட்டக்களப்புப் பறங்கியரின் பேச்சைத் தனி மொழியாகவே கருத வேண்டும். அதன் சொற்களில் பெரும்பாலானவை போர்த்துக்கேயம். ஆனால் வினை இறுதியில் நிற்பது முதலான அமைப்பு தமிழையும் சிங்களத்தையும் ஒட்டியது. ஆகவே டோரோவில் ஒருவர் தனிச் சொற்களைக் கண்டுகொள்வார், வாக்கியம் ஓடினால் தடுமாறுவார். லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோ இங்கு வந்து அந்த மொழியை ஒலிப்பதிவு செய்து ஆவணப்படுத்தியிருக்கிறார். பேசுவோர் தொகை குறைந்துகொண்டே வருகிறது. போர்த்துக்கல் போவதற்கு முன்பு டச்பார்ப் பக்கம் போய், அந்த மொழி பேசும் முதியவர்களோடு ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்திருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் முஸ்லிம் குடும்பம். பிள்ளைகளுக்கு அந்த மலைகளைக் காட்ட ஆசை. உணவுக்கும் தொழுகைக்கும் என்ன செய்வது?
— வாசகர் ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: ஹலால் இறைச்சியைப் போர்ட்டோவிலேயே தேடி வாங்கிச் செல்லுங்கள், சிற்றூர்களில் எதிர்பார்க்க வேண்டாம். உணவகங்களில் தணலில் வாட்டிய மீன் பாதுகாப்பானது. ஆயினும் வைனும் உள்ளியும் சேர்த்து ஊறவைக்கும் முறை அங்கே பரவலானது என்பதால், ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெளிய வேண்டும். இனிப்புகளிலும் ஏமாந்துவிடாதீர்கள், முட்டையும் சர்க்கரையும் மட்டும்போலத் தோன்றும் சில பலகாரங்களில் பன்றிக் கொழுப்பு சேரும். ஒலிவ் எண்ணெய், வாதுமை, தேன் ஆகியவை அந்த மலைகளிலேயே விளைகின்றன. வைன் தோட்டங்களைச் சுற்றிக் காட்டுகிறவர்களிடம், சுவைபார்த்தல் வேண்டாம், நடை மட்டும் போதும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்; பிள்ளைகளோடு வருகிறவர்கள் பலரும் அப்படிக் கேட்பது வழக்கம்தான்.

தொழுகையைத் தங்குமிடத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கிப்லா அங்கே ஏறத்தாழ நேர் கிழக்கு. ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணியளவாகிவிடும் என்பதால், பிள்ளைகளின் இரவு உணவை மஃரிபுக்கு முன்னதாகவே முடித்துவிடுவது நல்லது. உணவகங்கள் பொதுவாக ஏழரை மணிக்குப் பிறகே திறக்கும்.