ரெண்டு பேர் ஓட்டுறதுக்கு எந்த ஃபைபர் போட்டு வாங்கலாம்?

கேள்வி: அண்ணே வணக்கம், நான் கடலூர் பக்கம் ஒரு மீனவ கிராமம், வயசு 27, இப்போ மச்சான் போட்டுல பங்குக்கு போயிட்டு இருக்கேன். சொந்தமா ஒண்ணு வாங்கலாம்னு 2.5 லட்சம் சேர்த்து வெச்சிருக்கேன், வலையும் இதுலயே வாங்கணும். நானும் தம்பியும் ரெண்டே பேர்தான். நண்டு வலை, கவளை மீன் வலைதான் போடுவோம், கரையில இருந்து 5, 6 கிலோமீட்டருக்கு மேல போற ஐடியா இல்ல. ஊர்ல துறைமுகம் கிடையாது, மணல்லதான் ஏத்தி வெக்கணும். இப்போ ரெண்டு போட்டு பாத்திருக்கேன். ஒண்ணு 30 அடி ஃபைபர், 7 வருஷம் ஓடினது, 10 எச்.பி லாங் டெயில் இன்ஜினோட (நீள தண்டு நுனியில விசிறி இருக்குற டீசல் இன்ஜின்) 1.9 லட்சம் சொல்றாங்க. இன்னொண்ணு 22 அடி, புதுசு, ஹல் (வெறும் போட்டு உடம்பு) மட்டும் 1.3 லட்சம், இன்ஜின் நாமதான் போட்டுக்கணும். மச்சான் பெருசையே எடுன்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?

பதில்: தம்பி, மச்சான் சொல்றதுல தப்பு இல்ல, ஆனா அவர் போட்டுல நாலு பேர் இருக்காங்க, உங்க கிட்ட ரெண்டு பேர். போட்டு வாங்கும்போது எல்லாரும் முதல்ல இன்ஜினை பாப்பாங்க, அப்புறம் ரேட்டு, அப்புறம் பெயிண்ட். நான் முதல்ல கேக்குறது எந்த கரையில ஏத்துவீங்க, ஏத்துறதுக்கு எத்தனை கை இருக்குனுதான். உங்க கரை திறந்த கரை, அலை நேரா வந்து ஒடையுற இடம், ராமேஸ்வரம் பக்கம் பாக் விரிகுடா மாதிரி கட்டி போட்டுட்டு நடந்து வர்ற தண்ணி இல்ல. உங்க கரையில 30 அடியை ரெண்டு பேர் ஏத்த முடியாது. டிராக்டர் இருக்கேன்னு சொல்லுவீங்க, சரிதான், ஆனா டிராக்டர் வர்ற வரைக்கும் அலையில போட்டு குறுக்கால திரும்பாம பிடிச்சு நிக்கவே ரெண்டு ஆள் பத்தாது. குறுக்கால திரும்பிடுச்சுனா முடிஞ்சது, அடுத்த அலை உள்ள ஏறி வலை, இன்ஜின் எல்லாத்தையும் குளிப்பாட்டிட்டுதான் போகும்.

காசு கணக்கையும் ஒரு தடவ போட்டு பாருங்க. பங்கு கணக்கு ஊருக்கு ஊர் மாறும், நான் ஒரு மாதிரிக்கு சொல்றேன். 30 அடில நாலு பேர் போறீங்க, 4000 ரூபாய்க்கு மீன் வித்துச்சு, டீசல் 10 லிட்டர், லிட்டர் 95னே வெச்சுக்குவோம், 950 போச்சு, மிச்சம் 3050. போட்டுக்கு 2 பங்கு, ஆளுக்கு ஒரு பங்குனா மொத்தம் 6 பங்கு, ஒரு பங்கு 500 சொச்சம். போட்டு பங்கு, உங்க பங்கு, தம்பி பங்கு சேர்த்து உங்க வீட்டுக்கு 2030 கிட்ட வரும். இப்போ 22 அடில ரெண்டு பேர், வலை கம்மி, 2500க்குதான் வித்துச்சு, டீசல் 5 லிட்டர் 475, மிச்சம் 2025, அம்புட்டும் உங்க வீட்டுக்கே. பாத்தீங்களா, ரெண்டும் ஒண்ணாத்தான் வருது! வித்தியாசம் தெரியுறது மீன் இல்லாத நாள்லதான். பெருசுல 1500க்கு வித்தா டீசல் போக 550, பங்குக்கு 92 ரூபாய், மறுநாள் காலைல அந்த வெளி ஆள் ரெண்டு பேரும் வேற போட்டுல ஏறிடுவாங்க, உங்க போட்டு மணல்ல கெடக்கும். சின்னதுல 1000க்கு வித்தா கூட 525 கையில நிக்கும், மறுநாளும் நீங்க ரெண்டு பேரும் போவீங்க.

அதனால என் ஓட்டு 22 அடிக்குதான். ஆனா "புதுசு"ன்ற வார்த்தைக்கு மயங்கிடாதீங்க. சுனாமிக்கு அப்புறம் 2005ல நம்ம கரை பூரா ஃபைபர் போட்டு வந்து இறங்குச்சு ஞாபகம் இருக்கும், இல்லனா அப்பாவை கேளுங்க, அவசரத்துல செஞ்சதுல பல போட்டு எப்படி வெடிச்சதுனு அவர் சொல்வாரு. எல்லாம் புதுசுதான். ஃபைபர் போட்டுல தரம்ன்றது உள்ள எத்தனை அடுக்கு மேட்டு (கண்ணாடி இழை பாய்) போட்டாங்க, நடுவுல ரோவிங் (நெய்த இழைத் துணி) போட்டாங்களா, ரெசின் (இழையை ஒட்டி இறுகுற பசை) எந்த வகை, இதுலதான் இருக்கு, வெளியில ஜெல்கோட்டு (கலர் மேல்பூச்சு) பளபளனு அடிச்சுட்டா ஒண்ணும் தெரியாது. யார்டுல போய் வெக்கப்படாம கேளுங்க, 450 கிராம் மேட்டு எத்தனை, ரோவிங் எத்தனை, அடி நடுவுலயும் அணியத்துலயும் (போட்டோட முன்பக்கம்) எக்ஸ்ட்ரா அடுக்கு உண்டானு. மணல்ல இழுக்குற போட்டுக்கு அடிதான் முதல்ல தேயும். பில்லுல எழுதி தரச்சொல்லுங்க, எழுத மாட்டேன்னா வேற யார்டு பாருங்க.

இன்னொரு வேலை இருக்கு. ஹல்லை அச்சுல இருந்து எடுத்ததும் ஓரத்தை அறுப்பாங்க, அந்த துண்டு யார்டுலயே கெடக்கும், உங்க போட்டோட துண்டை ஒண்ணு வாங்கிட்டு வந்து வெட்டவெளியில எரிச்சு பாருங்க (புகை கெட்டது, தள்ளி நில்லுங்க). ரெசின் எரிஞ்சு போயி மேட்டும் ரோவிங்கும் மட்டும் வெள்ளையா மிஞ்சும், விரலால பிரிச்சு அடுக்கை எண்ணிக்கலாம். சொன்ன எண்ணிக்கை இருக்கானு அங்கேயே தெரிஞ்சுடும். ஓரத்துல அடுக்கு கொஞ்சம் கம்மியா இருக்கலாம், அதுக்காக சண்டைக்கு போக வேணாம், ஆனா நாலு அடுக்குனு சொல்லிட்டு ரெண்டுதான் இருந்துச்சுனா அது வேற கதை. உள்பக்கம் பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே போய் பாத்துடுங்க, காத்து குமிழி, ரெசின் ஊறாம வெளுத்துப்போன இடம் எல்லாம் அப்போதான் கண்ணுல படும். ஐப்பசி கார்த்திகை மழைல அவசரமா செஞ்சு தர்றேன்னா வேணாம், ஈரத்துல ரெசின் ஒழுங்கா இறுகாது.

அப்புறம் மிதவை. அணியத்துலயும் பின்னாடியும் மூடி வெச்ச அறை இருக்கும், அதுக்குள்ள என்ன இருக்குனு கேளுங்க. தெர்மாகோல் போட்டு அது மேலயே நேரா ரெசின் அடிச்சிருந்தா தெர்மாகோல் கரைஞ்சு போயிடும், ரெசின்ல இருக்குற ஸ்டைரீன் அதை தின்னுடும், நீங்க மிதவைனு நம்பிட்டு இருப்பீங்க, உள்ள காலி. பாலிதீன் சுத்தி வெச்சிருக்கணும், இல்லனா பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் ஊத்தியிருக்கணும். காசு முழுசா குடுக்கறதுக்கு முன்னாடி இடுப்பளவு தண்ணியில போட்டுக்குள்ள தண்ணி நெறைச்சு பாருங்க, அடி தரையில உக்காராம மிதந்து விளிம்பு மேல தெரிஞ்சா சரி. யார்டுகாரர் மூஞ்சிய தூக்குவாரு, தூக்கட்டும்.

இன்ஜினுக்கு வர்றேன். உங்களுக்கு லாங் டெயில் டீசலா, அவுட்போர்டா (போட்டு பின்னாடி மாட்டி கழட்டுற இன்ஜின்)? 10 எச்.பி டீசல் முழு வேகத்துல ஓடினா மணிக்கு சுமாரா 2 லிட்டர் குடிக்கும், அதே அளவு டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டு 4 லிட்டர் கிட்ட இழுக்கும். அவுட்போர்டுல வேகமும் உண்டு, எடையும் கம்மி, 40 கிலோ பக்கம்தான், கழட்டி வீட்டுக்கே கொண்டு போயிடலாம், கரையில திருட்டு பயம் இருந்தா அது பெரிய நிம்மதி. ஆனா 5 கிலோமீட்டர் போயி நண்டு வலை இழுக்க வேகம் எதுக்கு? லாங் டெயில்ல இன்னொரு சௌகரியம், கரைக்கு வரும்போதும் வலை பக்கத்துலயும் கம்பியை அமுக்கினா விசிறி தண்ணிக்கு மேல வந்துடும், மணலும் அடிக்காது வலையும் சுத்தாது. சத்தம்தான் காதை கிழிக்கும், அதுக்கு மருந்து இல்ல. நான் டீசலைத்தான் சொல்லுவேன், செகண்ட் ஹேண்டா ஊர்லயே தெரிஞ்சவங்க கிட்ட எடுங்க. பாக்கப் போகும்போது சொல்லாம போங்க, போனதும் இன்ஜின் மேல கையை வெச்சு பாருங்க, சூடா இருந்தா ஏற்கனவே ஓட்டி வெச்சிருக்காங்கனு அர்த்தம், டீ குடிச்சுட்டு ஆறின அப்புறம் ஸ்டார்ட் பண்ண சொல்லுங்க. குளிர்ந்த இன்ஜின் எத்தனை இழுப்புல புடிக்குதுன்றதுதான் அதோட ஜாதகம். நீல புகை நிக்காம வந்தா ஆயில் எரியுது, விட்டுடுங்க.

1.3 லட்சம் ஹல்லுக்கு போக மிச்சம் 1.2 லட்சத்துல இன்ஜினும் வலையும் வரணும், இழுபறிதான். வலையை முதல்ல பாதி வாங்குங்க, நண்டு சீசன் ஓடி காசு வந்ததும் கவளை வலை சேர்த்துக்கலாம். மானியமும் விசாரிங்க, 2020ல வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துல பொதுப்பிரிவுக்கு 40, எஸ்.சி, எஸ்.டிக்கும் பெண்களுக்கும் 60 சதவீதம்னு மானியம் வெச்சாங்க, இப்போ நடப்புல இருக்கானு கேளுங்க, ஆனா பணம் வரும்னு நம்பி கந்து வட்டிக்கு வாங்கி யார்டுல அட்வான்ஸ் குடுத்துடாதீங்க, வரிசை எப்போ வரும்னு மீன்வளத்துறை உதவி இயக்குநர் ஆபீஸ்ல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. பதிவு கட்டாயம், ரியல்கிராஃப்ட் போர்ட்டல்லதான் பண்றாங்க. பதிவு இல்லனா வரி விலக்கு டீசலும் கிடைக்காது, புயல்ல போட்டு போனா நிவாரணம்னு வாயை திறக்கவும் முடியாது.

ஒருவேளை மனசு 30 அடி பக்கமே இழுத்தா (இழுக்கும், எனக்கு தெரியும்) ஒண்ணு மட்டும் பண்ணுங்க. ஒரு ரூபாய் காயின் எடுத்து அடி பூரா தட்டிட்டே வாங்க, டக் டக்னு கெட்டியா கேக்குற இடம் நல்லது, பொத்துனு கேட்டா உள்ள அடுக்கு பிரிஞ்சிருக்கு, இல்ல தண்ணி ஊறியிருக்கு. விக்கிறதுக்கு போன வாரம்தான் பெயிண்ட் அடிச்சிருக்காங்கனா இன்னும் ஜாஸ்தி தட்டுங்க. நான் ஒரு காலத்துல கல்யாணப் பொண்ணு மாதிரி அலங்காரம் பண்ணின ஒரு போட்டை தட்டாம வாங்கி, மூணாவது மாசம் பெயிண்டோட சேர்ந்து ஒட்டுப் போட்ட பாளமும் கழண்டு வந்துச்சு, ஒட்டு போட்ட காசுக்கு இன்னொரு பழைய போட்டே வாங்கியிருக்கலாம். பதிவு யார் பேர்ல இருக்கு, மானியத்துல எடுத்த போட்டா, கடன் பாக்கி இருக்கானு பாக்காம ஒத்த ரூபாய் அட்வான்ஸ் குடுக்காதீங்க.

கேள்வி: சென்னையில ஐ.டி வேலை, சனி ஞாயிறு தூண்டில் போடுற பழக்கம். ஆன்லைன்ல காத்தடிக்கிற ரப்பர் போட்டு 15 ஆயிரத்துக்கு பாத்தேன். நீலாங்கரையில இறக்கலாமா?

பதில்: வேணாம் சார். அந்த அலையில துடுப்பு மட்டும் வெச்சு வெளிய போறதே கஷ்டம், திரும்பி வர்றது அதை விட கஷ்டம். மேற்குல இருந்து கரைக்காத்து அடிச்சுச்சுனா லேசான ரப்பர் போட்டை அப்படியே கடலுக்குள்ள தள்ளிட்டு போகும், துடுப்பால ஜெயிக்க முடியாது. கெளுத்தி ஒண்ணு மாட்டி முள்ளை விரிச்சுதுனா காத்து போச்சு. ஆசைக்கு ஊர்க்காரர் ஒருத்தர் ஃபைபர்ல பேசி வெச்சு காசு குடுத்துட்டு போங்க, உங்களுக்கும் லைஃப் ஜாக்கெட் மறக்காம கொண்டு போங்க. 15 ஆயிரத்துக்கு எத்தனையோ ஞாயித்துக்கிழமை போயிட்டு வரலாம், அவர் கிட்ட கத்துக்கவும் செய்யலாம்.

கேள்வி: மண்டபம் பக்கம் இருக்கோம். இங்க நிறைய பேர் தெர்மாகோல் மிதவைலயே போயி மீன் புடிக்கிறாங்க, செலவே இல்ல. வத்தை (சின்ன நாட்டுப் படகு) வாங்க காசு இல்லாததால எங்க வீட்டுக்காரரும் அதுல போறேன்றாரு, பயமா இருக்கு.

பதில்: பயப்படுறது நியாயம்தாங்க. வடக்குப் பக்கம் கடல் குளம் மாதிரி கெடக்குற மாசத்துல அது ஓடும், அதை நம்பித்தான் எல்லாரும் போறாங்க. வாடைக்காத்து ஏறினா வடகடல் கொந்தளிக்கும், கச்சான் (மேற்கு காத்து) அடிக்கிற மாசம் தென்கடல் கொந்தளிக்கும், மிதவைக்கு ஓரமும் கிடையாது பிடிமானமும் கிடையாது. போயே ஆகணும்னா கால் தரையில படுற தண்ணிக்குள்ளயே இருக்க சொல்லுங்க, தனியா விடாதீங்க. மன்னார் வளைகுடா பக்கம் அந்த 21 தீவும் தேசிய பூங்கா, அதுங்க கிட்ட போனா வனத்துறை புடிக்கும். வத்தைக்கு ஒரே ஆளா காசு பொரட்டணும்னு இல்ல, ரெண்டு குடும்பம் சேர்ந்து பழசு ஒண்ணு எடுங்க, ஆனா யார் பேர்ல பதிவு, ஒடைஞ்சா யார் செலவு, ஒருத்தர் விலகினா என்ன ரேட்டுனு முதல் நாளே பேப்பர்ல எழுதி ரெண்டு வீட்டு பொம்பளைங்களும் கையெழுத்து போட்டு வெச்சுக்கோங்க.