ஏற்காட்டு உழவர் குழு அரசு விடுதிகளுக்கு ராகி கொடுக்க முடியுமா? கொள்முதல் ஆலோசகர் வைத்தால் பயன் உண்டா?

கேள்வியின் சுருக்கம்: சேர்வராயன் மலையில் ராகியும் சாமையும் விளைவிக்கும் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், விடுதிகளுக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் தானியம் கொடுக்கப் பார்க்கிறது. ஆனால் டெண்டரின் முதல் கவரிலேயே, அதாவது விலையைப் பார்க்கும் முன் தகுதியைச் சரிபார்க்கும் தொழில்நுட்பக் கவரிலேயே, கழித்துவிடுகிறார்கள். பிரேசில், கென்யா போன்ற நாடுகளில் செய்த கொள்முதல் சீர்திருத்தம் இங்கே நடக்குமா?

நடக்கும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-லேயே வந்தது, விதிகள் 2000-ல். சின்ன விற்பனையாளரை வாசலிலேயே நிறுத்துவது டெண்டர் ஆவணத்தில் இருக்கும் நாலைந்து வரிகள்: ஒரு தொகுப்புக்கு எத்தனை டன், மூன்று வருட விற்றுமுதல் எவ்வளவு, எத்தனை நாளில் சரக்கு, எத்தனை நாளில் பணம். தொழில் தெரிந்த ஆலோசகர் முதலில் பழைய டெண்டர் கோப்புகளைத்தான் கேட்பார். எத்தனை பேர் போட்டார்கள், தொழில்நுட்பக் கவரில் யாரை எதற்காகக் கழித்தார்கள், சரக்கு இறங்கி எத்தனை நாளில் பில் பாஸானது என்று மூன்று வருடத்துக்குப் பார்த்தாலே நோய் எது என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலும் நோய் தொகுப்பின் அளவில் இருக்கும். மாவட்டத்துக்கு மொத்தமாக 200 டன் என்று ஒரே உருப்படியாகக் கேட்டால் சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்த வியாபாரிகளிலேயே சிலரால்தான் போட முடியும். அதையே ஏற்காடு, வாழப்பாடி, ஆத்தூர் என்று பத்து, இருபது டன் தொகுப்புகளாகப் பிரித்தால் விற்றுமுதல் நிபந்தனையும் அந்த மதிப்புக்கு ஏற்ப இறங்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஒரே அறிவிப்புக்குள் தொகுப்புகளாகப் பிரிப்பது முறையானது. டெண்டரே போடாமல் தப்பிக்க வேலையைத் துண்டு துண்டாக்கிக் கொட்டேஷனில் வாங்கினால் தணிக்கையில் மாட்டுவார்கள். அதிகாரிகள் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயந்து, பிரிக்கவே மறுக்கிறார்கள். ஆலோசகரால் உருப்படியாக ஒரு காரியம் ஆகும் என்றால் இந்தப் பயத்தை எழுத்தில் தெளிவுபடுத்துவதுதான்.

அடுத்தது பணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-26 பருவத்துக்கு ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். 20 டன் எடுத்தால் உறுப்பினர்களுக்கு மட்டும் 9,77,200 ரூபாய் கையில் கொடுக்க வேண்டும். பில் 90 நாள் இழுத்தால், 12 சதவீத வட்டியில் ஏறக்குறைய 29,300 ரூபாய் போகும்; கிலோவுக்கு ஒண்ணரை ரூபாய் என்று வையுங்கள். சுத்தம் செய்யும் கூலி, சாக்கு, மலையிறக்க வாடகை, காப்புத் தொகையில் முடங்கும் பணம் எல்லாம் இதற்கு மேல். விலைப்புள்ளியில் இந்த வட்டியைச் சேர்க்காத குழு, டெண்டரை ஜெயித்தும் நஷ்டப்படும். பாதி இடத்தில் நடப்பது இதுதான்.

உத்யம் பதிவை (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உடனே எடுங்கள். 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. ஆனால் வாங்கி அப்படியே விற்பவருக்கு இது கிடைக்காது. தானியத்தைச் சுத்தம் செய்து பதப்படுத்துபவர் என்று பதிவில் இருக்க வேண்டும். இன்னொன்று: குறு, சிறு நிறுவனங்களிடம் 25 சதவீதக் கொள்முதல், அதில் பெண்களுக்கு 3 சதவீதம் என்று கூட்டங்களில் சொல்வார்கள். அது மத்திய அமைச்சகங்களுக்கும் மத்திய பொதுத்துறை நிறுவனங்களுக்குமான ஆணை. மாநிலத் துறையின் டெண்டரில் அதைக் காட்டிச் சண்டை போட முடியாது. முன்வைப்புத் தொகை (டெண்டரோடு கட்டும் வைப்புப் பணம்) விலக்கு மாதிரி மாநிலச் சலுகைகளுக்கு அந்தந்த டெண்டர் ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

தரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மலைச் சரக்கு அதிகம் திரும்பி வருவது இதில்தான். கொள்முதல் தரத்தில் ராகிக்கு ஈரப்பதம் 12 சதவீதம் வரை, அந்நியப் பொருள் 1 சதவீதம் வரை. ஐப்பசி, கார்த்திகை மழையும் பனிமூட்டமும் உள்ள ஏற்காட்டில் 14 சதவீதத்தில் மூட்டை கட்டுவது சர்வசாதாரணம். அந்தப் பத்து டன்னை 12-க்கு உலர்த்தினால் 227 கிலோ எடை குறையும், கிட்டத்தட்ட 11,000 ரூபாய். உறுப்பினரிடம் வாங்கும்போதே ஈரப்பத மீட்டர் வைத்து அளந்து விலை போடாவிட்டால் அந்த 11,000 நிறுவனத்தின் தலையில்தான் விழும். பாறையிலும் ரோட்டிலும் காயவைத்தால் கல் சேரும். 50 கிலோ மூட்டையில் 1 சதவீதம் என்றால் அரைக் கிலோ. கண்ணுக்குத் தெரியாது, குத்தூசி போட்டு எடுத்தால் தெரிந்துவிடும். தார்ப்பாய் போட்டுக் காயவையுங்கள், கல் நீக்கும் இயந்திரத்தில் ஒருமுறை விடுங்கள். வண்டி ஏறும் முன் மூன்று மாதிரி எடுத்து இரு தரப்பும் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும்: உங்களுக்கு ஒன்று, வாங்குபவருக்கு ஒன்று, தகராறு வந்தால் ஆய்வகத்துக்கு ஒன்று. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போன சரக்கு கீழே நிராகரிக்கப்பட்டால் திரும்ப ஏற்றும் வாடகை யாருடையது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

வெளிநாட்டு அனுபவத்தில் நமக்கு வேண்டியது மூன்று. பிரேசில் 2009-ல் கொண்டுவந்த பள்ளி உணவுச் சட்டம் (எண் 11,947), மத்திய நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் செலவிடச் சொன்னது. அங்கே உள்ளூர்ச் சந்தை விலையை விசாரித்து, விலையை முன்கூட்டியே நிர்ணயித்து அழைப்பு விடுகிறார்கள். விலையைக் குறைக்கும் போட்டி இல்லை. இரண்டாவது, ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 2008-ல் இருபது நாடுகளில் தொடங்கிய சிறு விவசாயிகள் கொள்முதல் முயற்சி. விதைக்கும்போதே ஒப்பந்தம் போட்டும் சங்கங்கள் சில சொன்ன சரக்கைக் கொடுக்க முடியாமல் போனது. வீட்டு வாசலுக்கு ரொக்கத்தோடு வந்த வியாபாரியிடம் உறுப்பினர்கள் விற்றுவிட்டார்கள். சேலத்தில் இருந்து மலையேறி வரும் வியாபாரியும் அதைத்தான் செய்வார். எடை போட்ட அன்றே 60, 70 சதவீதமாவது கொடுக்கும் அளவுக்கு வங்கிக் கடன் வரம்பு இல்லாமல் டெண்டர் போடாதீர்கள். மூன்றாவது, கென்யா அரசுக் கொள்முதலில் 30 சதவீதத்தைப் பெண்கள், இளைஞர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பணம் தாமதமானால் ஒதுக்கீடும் கடனில்தான் முடியும்.

மின்னணு டெண்டரில் கழிபடும் காரணங்கள் அற்பமானவை. கையொப்பம், குறியாக்கம் இரண்டும் உள்ள மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் சான்று வேண்டும். விலைப்பட்டியல் எக்செல் கோப்பின் பெயரை மாற்றினால் ஏற்காது. எல்லாம் ஏற்றிவிட்டுக் கடைசியில் ‘ஃப்ரீஸ்’ பொத்தானை அழுத்தாமல் விட்டால் போட்டதாகவே கணக்கில்லை. இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கு 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. குறைத்தால் மேலதிகாரி காரணம் பதிய வேண்டும். டெண்டர் போடும் முன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் (ப்ரீ-பிட்) வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். முடிவில் குறை இருந்தால் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் மேல்முறையீடு.

ஆலோசகருக்குச் சதவீதக் கமிஷன் வேண்டாம். “டெண்டரை முடிச்சுத் தர்றேன், அங்க நமக்கு ஆள் இருக்கு” என்பவரிடம் பேச்சையே நிறுத்துங்கள். விலைக் கணக்குத் தாள், நிபந்தனைகள் மீதான கேள்விப் பட்டியல், தர ஆய்வு நடைமுறை என்று மூன்று வேலைக்கு மொத்தத் தொகை பேசுங்கள். அதற்கு முன்னால், எந்த விடுதிக்கு மாதம் எத்தனை கிலோ ராகி வேண்டும் என்ற பட்டியலைத் துறையிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். ஆவணம் தயாராகும் முன்பே அந்தப் பட்டியலோடு போனால்தான் தொகுப்பைப் பிரிக்கச் சொல்லிக் கேட்க முடியும்.