வாசகர் கேள்வி – பதில்: ஒரே ஆண்டில் எழுந்து நின்ற ராம்ஸ் அணி

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில், 1998-இல் படுதோல்வி கண்ட செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி அடுத்த பருவத்திலேயே சாம்பியன் ஆனது எப்படி? அதிர்ஷ்டம் என்றே சொல்லிவிடலாமா?

பதில்: சொல்ல முடியாது. தோற்ற அணி மீண்டு வர, அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இன் விதிகளே இடம் தருகின்றன. புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பின்தங்கிய அணிக்கே முன்னுரிமை; 1994 முதல் எல்லா அணிகளின் சம்பளச் செலவுக்கும் ஒரே உச்சவரம்பு. ஆனால் இதே சலுகைகள் இருந்தும் 1990 முதல் 1998 வரை ஒன்பது பருவங்களிலும் ராம்ஸ் அணிக்கு வெற்றியைவிடத் தோல்வியே அதிகம் என்பதால், கிடைத்ததை 1999-இல் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இண்டியானாபொலிஸ் அணியிடமிருந்து, இரண்டு டிராஃப்ட் வாய்ப்புகளை மட்டும் விட்டுக்கொடுத்து, மார்ஷல் ஃபாக்கைப் பெற்றார்கள். பந்தை ஏந்தி ஓடுவதிலும் வீசிய பந்தைப் பிடிப்பதிலும் சேர்த்து அவர் அந்தப் பருவத்தில் கடந்த 2,429 யார்டுகள் அன்றைய சாதனை. டிராஃப்டில் ஆறாவது தேர்வாக, வீசிய பந்தைப் பிடிக்கும் வீரரான டோரி ஹோல்ட் வந்தார். முந்தைய இரண்டு பருவங்களிலும் கடும் பயிற்சியால் வீரர்களைச் சோர்வடையச் செய்திருந்த பயிற்சியாளர் டிக் வெர்மீல், அறுபத்து இரண்டு வயதில் தம் முறையை மாற்றிக்கொண்டு பயிற்சி நேரத்தைக் குறைத்தார். என் பார்வையில் இதுவே அதிகம் பேசப்படாத பெரிய மாற்றம்.

பருவம் தொடங்குமுன் நடந்த ஓர் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரர்) டிரென்ட் கிரீனின் முழங்கால் காயமடைந்தபோது, வெளியிலிருந்து பெயர் பெற்ற ஒருவரைத் தேடாமல், கர்ட் வார்னரை நம்பினார் வெர்மீல். எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காத, ஒரு காலத்தில் அயோவாவில் மளிகைக் கடை அலமாரிகளில் இரவு நேரத்தில் பொருள்களை அடுக்கிய, 1998-இல் மொத்தமே பதினொரு முறை பந்தை வீசியிருந்த அந்த 28 வயது வீரர் 41 டச்டவுன்களுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்து ஆறு புள்ளி பெறுவது) பந்து வீசி, லீக்கின் சிறந்த வீரரானார். 4 வெற்றி, 12 தோல்வி என்றிருந்த கணக்கு, 13 வெற்றி, 3 தோல்வி என்று மாறியது.

கேள்வி: இறுதியாட்டம் ஒரு யார்டில் தப்பிய வெற்றிதானே?

பதில்: 2000 ஜனவரி 30 அன்று அட்லாண்டாவில், 16–0 என்ற முன்னிலையை இழந்து டென்னசி டைட்டன்ஸுடன் சமநிலைக்கு வந்த பிறகு, இரண்டு நிமிடங்களுக்கும் குறைவான நேரமே இருந்தபோது, வார்னர் வீசிய பந்து ஐசக் புரூஸுக்கு 73 யார்டு டச்டவுனாகி 23–16 என்றாயிற்று. கடைசி ஆட்ட நகர்வில் டைட்டன்ஸின் கெவின் டைசனை ராம்ஸின் மைக் ஜோன்ஸ் எல்லைக் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் மடக்கி வீழ்த்தினார். டைசன் கோட்டைத் தொட்டிருந்தாலும், டச்டவுனுக்குப் பின் ஒரு புள்ளிக்காகக் கிடைக்கும் கூடுதல் உதையும் சேர்ந்து சமநிலைதான் ஆகியிருக்கும்; ஆட்டம் கூடுதல் நேரத்துக்குத்தான் போயிருக்கும். மேலும், அந்தப் பருவத்தின் 16 லீக் ஆட்டங்களில் 526 புள்ளிகள் குவித்த ராம்ஸ், எதிரணிகளுக்கு 242 புள்ளிகளையே விட்டுக்கொடுத்திருந்தது. ஜோன்ஸின் அந்தப் பிடியும் அதே தற்காப்பின் வேலைதான்.