நர்ஸ் தேர்வுக்குப் பணத்தை எப்போது கட்டுவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வயது 29. பி.எஸ்சி நர்சிங் முடித்துவிட்டு தனியார் மருத்துவமனை ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். பிடித்தம் போக கைக்கு 26,000 ரூபாய் வருகிறது. கணவருக்கு மணலியில் கன்டெய்னர் யார்டில் வேலை, சம்பளம் 22,000. மகள் யுகேஜி படிக்கிறாள். அமெரிக்கா போய் நர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் உயர்நிலை நர்ஸ்) ஆக வேண்டும் என்று ஆசை. என்கிளெக்ஸ் (நர்ஸ் உரிமத் தேர்வு), ஐஇஎல்டிஎஸ் (ஆங்கிலத் தேர்வு), நர்ஸ் பிராக்டிஷனர் தேர்வு மூன்றுக்கும் சேர்த்து 1,40,000 ரூபாய் என்றும், இந்த மாதமே கட்டினால் தள்ளுபடி என்றும் ஒரு கோச்சிங் சென்டரில் சொல்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு, வேலையை விட்டு ஆறு மாதம் படிக்கலாமா? சீட்டுப் பணம் ஒரு லட்சம் ஜனவரியில்தான் வரும்.

பதில்: சகோதரி, நல்ல ஆசை. விட்டுவிடாதீர்கள். ஆனால் அந்த பேக்கேஜ் வேண்டாம், வேலையையும் விட வேண்டாம்.

முதலில் நர்ஸ் பிராக்டிஷனர் தேர்வு. அமெரிக்காவில் ஏஎன்சிசி, ஏஏஎன்பி ஆகிய அமைப்புகள் நடத்தும் அந்தத் தேர்வை எழுத அந்த நாட்டின் ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம் வேண்டும், அங்கீகாரம் பெற்ற முதுநிலைப் படிப்பு வேண்டும், அதில் மேற்பார்வையோடு பார்த்த பயிற்சி நேரம் வேண்டும். இவை இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது. அங்கே படிக்கிறவர்களே பெரும்பாலும் கடைசி செமஸ்டரில்தான் அதற்கான ரிவியூ வகுப்பில் சேருவார்கள். படிப்பு முடிந்த சூட்டோடு எழுதிவிடுவார்கள். நீங்கள் அந்த இடத்துக்குப் போவதற்குள் பாடத்திட்டமே மாறியிருக்கும். தண்டையார்பேட்டையில் உட்கார்ந்து இன்று அதற்குக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

அடுத்து சொல்லப்போவது கசப்பாக இருக்கும். நர்ஸ்கள் வழக்கமாகப் போகும் ஈபி-3 (வேலை வழியாக நிரந்தரமாகக் குடியேறும் ஒரு பிரிவு) கிரீன் கார்டு வரிசையில், இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் காத்திருப்பு பத்து வருடத்துக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணோ இரண்டு வருடம்தான் செல்லும். அமெரிக்க விசாவுக்காக இப்போதே ஐஇஎல்டிஎஸ் எழுதினால், அது தேவைப்படும்போது காலாவதியாகிக் கிடக்கும். நீங்கள் விண்ணப்பிக்கும் மாநிலத்தின் நர்சிங் போர்டு (உரிமம் தரும் அமைப்பு) கேட்டாலொழிய இப்போது எழுத வேண்டாம்.

அப்படியென்றால் என்கிளெக்ஸ் எதற்கு? கனடா 2015 முதல் கியூபெக் நீங்கலாக அதையே உரிமத் தேர்வாக வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நம் ஊர் நர்ஸ்களுக்கு 2020 முதல் அதுதான் முதல் கட்டம், பிறகு செய்முறைத் தேர்வு. அதனால் அமெரிக்கா தள்ளிப்போனாலும் இந்தத் தேர்வு உங்களுக்குப் பயன்படும். நாட்டை முடிவு செய்துவிட்டு, அந்த நாடு கேட்கும் ஆங்கிலத் தேர்வை அதன் விண்ணப்பத்தை ஒட்டி எழுதுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். இந்தப் பாதையில் செலவுகள் இரண்டு வகை. சிலவற்றை முன்கூட்டியே செய்தால் நஷ்டமில்லை. சிலவற்றுக்குப் பணம் கட்டிய நாளிலிருந்து ஆட்டோ மீட்டர் போல ஓட ஆரம்பித்துவிடும். சான்றிதழ் சரிபார்ப்பு முதல் வகை. கல்லூரியிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட், சாந்தோமில் இருக்கும் தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலிலிருந்து பதிவு உறுதி, இரண்டும் சரிபார்க்கும் அமைப்புக்கு அவர்களிடமிருந்து நேரடியாகப் போக வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை இது, இன்றே தொடங்குங்கள்.

கேள்வி வங்கிச் சந்தாவும் தேர்வுப் பதிவும் இரண்டாம் வகை. போர்டு உங்களைத் தகுதியானவர் என்று ஏற்க வேண்டும், தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தில் நீங்கள் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும்; இரண்டும் சேர்ந்தால்தான் ஏடிடி என்கிற அனுமதிக் கடிதம் வரும். அது பெரும்பாலும் 90 நாள் செல்லும், போர்டைப் பொறுத்துக் கூடும் குறையும். நீட்டிப்பு கிடையாது. அதற்குள் எழுதாவிட்டால் பணம் போனது போனதுதான், மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். பதிவுக்கு 200 டாலர், வெளிநாட்டு மையத்துக்கு இன்னும் 150 டாலர், மேலே வரி: எப்படிப் பார்த்தாலும் 30,000 ரூபாயைத் தாண்டும். எனவே போர்டு வேறு வரிசை கேட்காத பட்சத்தில், இந்தப் பதிவைப் படிப்பு பாதிக்கு மேல் முடிந்த பிறகு செய்யுங்கள். தேர்வு நாளைத் தீர்மானிக்கும் சாவி அப்போது உங்கள் கையில் இருக்கும்.

ஜனவரியில் சீட்டு விழுகிறது, அதுவே சரியான நேரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் தண்ணீர், கரன்ட் கட், டெங்கு நோயாளிகளால் வார்டு நிரம்பி டபுள் டியூட்டி. அந்த மாதங்களில் கட்டணச் சந்தா எடுத்தால் பாதி நாள் திறக்கவே மாட்டீர்கள். அதுவரை கையில் இருக்கும் பி.எஸ்சி புத்தகங்களே போதும். மருந்தியலையும் குழந்தை நலத்தையும் தேற்றுங்கள், ஐசியூவில் இருப்பவர்களுக்கு மறந்துபோவது பெரும்பாலும் இவைதான். ஜனவரியில் மூன்று மாதச் சந்தா, பிப்ரவரியில் பதிவு, மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில் தேர்வு. பள்ளிக் கட்டணம் ஜூனில் வருவதற்குள் முடிந்துவிடும். தவறினாலும் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம்; அதற்கு இன்னொரு முறைக்கான கட்டணத்தைச் சீட்டுப் பணத்திலேயே ஒதுக்கி வையுங்கள்.

வேலையை விட்டால் ஆறு மாதத்தில் 1,56,000 ரூபாய் இழப்பு. மொத்தத் தேர்வுச் செலவைவிட அது பெரிது. வெளிநாட்டில் எடுப்பவர்கள் சமீபத்திய அனுபவத்தைத்தான் கேட்பார்கள், அதிலும் ஐசியூ அனுபவத்துக்கு மதிப்பு அதிகம். அந்தத் தொடர்ச்சியை அறுத்துக்கொள்ளாதீர்கள். கடைசி மூன்று வாரம் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். 19,000 ரூபாய்க்குள் முடியும். நைட் டியூட்டி முடிந்து வரும் காலையில் படிக்க உட்கார வேண்டாம், தூங்குங்கள். மறுநாள் ஆஃபில் நான்கு மணி நேரம் படித்தால் போதும்.

நகை பீரோவிலேயே இருக்கட்டும். சான்றிதழ் செலவுக்கு இப்போதிலிருந்து மாதம் 4,000 ரூபாய் தனிக் கணக்கில் போடுங்கள். 48,000 வருமானத்தில் இறுக்கமாக இருக்கும், முடியாத காரியமில்லை. கோச்சிங் வேண்டுமென்றே தோன்றினால் என்கிளெக்ஸுக்கு மட்டும், ஜனவரியில், தவணையில் சேருங்கள். தள்ளுபடி அப்போதும் இருக்கும்.

பணம் கட்டும் முன் இரண்டு வேலை. வங்கி கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வழக்கமாக அணைத்தே இருக்கும், ஆப்பில் போய்த் திறந்துவிடுங்கள். அதைவிடப் பெரியது பெயர். உங்கள் டிகிரியில் இனிஷியலோடும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ விரிந்தும் இருந்தால், பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். மையத்தில் பார்ப்பது பாஸ்போர்ட்டைத்தான். பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் திரும்ப வராது. பாஸ்போர்ட்டையே திருத்த வேண்டியிருந்தால் அதை இந்த மாதமே செய்துவிடுங்கள்.