படகில் விடியற்காலை ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது: இன்னொரு ட்யூபுலர் பேட்டரி வேண்டாம் அண்ணே

கொச்சி போல்காட்டி மெரினாவில் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை, நங்கூரம் போட்டுத் தங்கினால் மட்டும் விடியற்காலை நாலு மணிக்கு ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். மதுரை வீட்டில் இருக்கும் 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) ட்யூபுலர் இன்வெர்ட்டர் பேட்டரியை ஏற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மதுரையில் பேட்டரி வியாபாரம் செய்பவன் சொல்கிறேன், ஏற்றாதீர்கள். அது வீட்டு மூலையில் அசையாமல் நிற்கச் செய்தது. பாய் விரித்துப் படகு ஒருபக்கம் சாய்ந்தால் மூடி வழியாக ஆசிட் கசியும். ஒருமுறை ஆட்டோவில் கொண்டுபோனபோது கசிந்து என் வேட்டியில் விழுந்த ஓட்டை இன்னும் இருக்கிறது. கடலில் அது கேபின் தரையில் விழும்.

மெரினாவில் கரை மின்சாரம் குறையை மூடிவிடுகிறது, அவ்வளவுதான். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். பாதி நேரம் ஓடினாலே ஒரு நாளைக்கு 48 ஏ.எச். உங்களிடம் இருப்பது 100 ஏ.எச். லெட் ஆசிட், அதில் பாதிக்கு மேல் தினமும் எடுத்தால் சீக்கிரம் செத்துப்போகும். விளக்கு, ஃபோன் சார்ஜ் வேறு.

முதலில் எல்லாவற்றையும் அணைத்து, சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வையுங்கள். 12.2 வோல்ட் என்றால் பேட்டரியில் பாதிதான் மிச்சம். அப்புறம் பேட்டரியை சார்ஜ் செய்யும் சோலார் பேனலைப் பாருங்கள். பாய்மரத்தின் நிழல் ஒரு கோடாக விழுந்தாலும் உற்பத்தி நிறையக் குறையும்.

பேட்டரி மாற்றியே ஆகவேண்டும் என்றால் மூடிய ஏ.ஜி.எம். (ஆசிட் கண்ணாடி இழை விரிப்பில் ஊறியிருக்கும் லெட் ஆசிட் வகை), கையில் காசிருந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். லித்தியம் என்றால் சார்ஜரும் அதற்கு ஏற்றதாக இருக்கவேண்டும். மீட்டரில் என்ன வந்தது என்று எழுதுங்கள்.